குடல் அழற்சி நோயும் குருதிக்குழாய்களும்: திருகோணமலையில் புதிதாக நோய் கண்டவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் அல்லது குரோன்ஸ் நோய் என்று கிளினிக் கொப்பியில் எழுதப்பட்ட நாள் தொட்டு வீட்டில் எல்லோரும் வயிற்றைப் பற்றியே கேட்பார்கள். இன்றைக்கு எத்தனை தரம் போனது, இரத்தம் கண்டதா, சோறு பிடித்ததா? கால் வீங்கியிருக்கிறதா என்று கேட்பவர் குறைவு. இந்த நோய் உள்ளவர்களுக்குக் காலின் ஆழ்நாளங்களிலோ (நாளம் என்பது இருதயத்துக்கு இரத்தம் திரும்பும் குழாய்) நுரையீரலிலோ இரத்தம் கட்டியாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட 2 முதல் 3 மடங்கு அதிகம். வருத்தம் கிளம்பியிருக்கும் வாரங்களில் அது இன்னும் ஏறும். பிரித்தானிய நோயாளர் பதிவுகளை வைத்து 2010இல் வெளியான ஆய்வொன்று, அந்தக் காலத்து ஆபத்தை ஏறத்தாழ 8 மடங்கு என்று கணக்கிட்டது. மருத்துவத்துக்கு இது பழைய செய்திதான். அமெரிக்காவின் மாயோ கிளினிக் மருத்துவர்கள் இருவர் 1936இலேயே இதை எழுதிவைத்தார்கள். நோயாளியின் வீட்டுக்குத்தான் இன்னும் சரியாக வந்து சேரவில்லை.

மடங்குக் கணக்கைக் கேட்டு நித்திரையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். இளவயதினரிடையே இரத்தக் கட்டி மொத்தத்தில் அரிது. அரிதானது 3 மடங்கானாலும் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் நடக்காது. நடக்கிற சிலருக்கும் அதில் கணிசமான பங்கு தடுக்கக்கூடியது. தடுக்கும் வேலையில் பாதி வைத்தியசாலையின் கையிலும் மீதி உங்கள் கையிலும் இருக்கிறது.

குழாய்க்குள் என்ன நடக்கிறது

குடல் புண்ணாகி அழன்றிருக்கும்போது அங்கே சுரக்கும் அழற்சிப் பதார்த்தங்கள் குடலோடு நிற்பதில்லை. இரத்தத்தில் கலந்து உடல் முழுக்கச் சுற்றுகின்றன. அவை பட்ட குழாயின் உட்சுவர் வழுவழுப்பை இழந்து, ஒட்டும் தன்மை பெறுகிறது. ஈரல் உறைதலுக்கு வேண்டிய பைப்ரினோஜன் என்ற புரதத்தைக் கூடுதலாகச் சுரக்கிறது. இரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் என்ற சிறு அணுக்களின் எண்ணிக்கை ஏறுகிறது. இரத்த ரிப்போட்டில் 450,000ஐத் தாண்டி நிற்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். இவற்றோடு வயிற்றோட்டத்தால் உடலின் நீர் குறைந்து இரத்தம் தடிக்கிறது, களைப்பால் கட்டிலிலேயே கிடப்பதால் காலில் ஓட்டம் மந்தமாகிறது.

இவ்வளவும் ஒரே கிழமையில் ஒன்றுசேரும் நேரம்தான் வருத்தம் கிளம்பும் நேரம். அதனால் மலத்தோடு இரத்தம் போகிற அதே நாட்களில்தான் நாளத்துக்குள் இரத்தம் உறையும் ஆபத்தும் உச்சத்தில் நிற்கிறது. கேட்கும்போது முரணாகத் தோன்றும். ஆனாலும் இதை வீட்டில் எல்லோருக்கும் விளங்கப்படுத்தி வையுங்கள். கீழே சொல்பவற்றில் பாதி இதை நம்பினால்தான் நடக்கும்.

நாடிகளில், அதாவது இருதயத்திலிருந்து இரத்தம் கொண்டுபோகும் குழாய்களில், கேடு மெதுவாக வருகிறது. வருடக்கணக்கில் அழற்சி அடங்காமல் இருந்தால் குழாய்ச்சுவர் விறைத்து, கொழுப்புப் படிவு சேர்ந்து, மாரடைப்பு, பாரிசவாதம் ஆகியவற்றின் வாய்ப்பு ஓரளவு கூடுகிறது. நாளத்துக்கு ஆபத்து நாட்களில், நாடிக்கு ஆபத்து வருடங்களில். இரண்டுக்கும் பொதுவான முதல் மருந்து குடலின் அழற்சியை அடக்கி வைப்பது. சுகமாக இருக்கிறது என்று, குடல் அழற்சியை அடக்கும் மருந்துகளான மெசலசீனையோ அசத்தியோபிரினையோ தாமாகவே நிறுத்துகிறவர், குழாய்க்கான காவலையும் சேர்த்தே நிறுத்துகிறார்.

முதல் வேலை: கொப்பியின் கடைசிப் பக்கம்

கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் உங்கள் ஆபத்துக் குறிப்பை எழுதுங்கள். உங்களுக்கோ, பெற்றோருக்கோ, கூடப்பிறந்தவர்களுக்கோ முன்பு காலில் அல்லது நுரையீரலில் இரத்தக் கட்டி வந்ததா, புகைக்கிறீர்களா, நிறை எவ்வளவு, பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல் உண்டா, இப்போது எடுக்கும் மருந்துகள் எவை, எத்தனை மி.கி. மருந்துகளைக் குடல் வருத்தத்துக்கென்று தருபவற்றோடு நிறுத்தாமல், நாட்டு மருந்து, சத்துக் குளிசை, மாதவிடாய்க்கு எடுப்பது வரை எழுத வேண்டும்.

சில மருந்துகளை அடிக்கோடிட்டு எழுதுங்கள். கருத்தடைக் குளிசைப் பெட்டியில் எதினைல் எஸ்ட்ரடியோல் என்று இருந்தால் அது ஈஸ்ட்ரஜன் கலந்தது. இரத்தக் கட்டியின் வாய்ப்பைக் கூட்டும். அடிக்கடி வருத்தம் கிளம்பும் பெண்கள் குடும்ப நல உத்தியோகத்தரிடம் அல்லது கிளினிக்கில் சொல்லி, லூப் போன்ற ஈஸ்ட்ரஜன் இல்லாத முறைக்கு மாறுவது நல்லது. கடுமையான வயிற்றோட்டத்தில் குளிசை சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம் என்பது மாறுவதற்கு இன்னொரு காரணம். அதிக மாதவிடாய்ப் போக்குக்குக் கொடுக்கும் டிரனெக்சாமிக் அசிட் உறைந்த இரத்தத்தைக் கரையவிடாமல் செய்யும் மருந்து. குடல் வருத்தம் கிளம்பியிருக்கிறது என்று தெரியாத ஒருவர் அதை எழுதிவிடக்கூடாது. டொபாசிட்டினிப் என்ற குளிசை அல்சரேட்டிவ் கொலைட்டிசுக்கு நல்ல மருந்து என்றாலும், 65 வயதைத் தாண்டியவர்களிலும் புகைப்பவர்களிலும் முன்பு கட்டி வந்தவர்களிலும் கூடுதல் எச்சரிக்கையோடுதான் தொடங்குவார்கள்.

பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசை தனியே சொல்லப்பட வேண்டியது. வருத்தத்தை விரைவாக அடக்கும். வழமையாக நாளுக்கு 40 மி.கி.யில் தொடங்கி வாரத்துக்கு 5 மி.கி. வீதம் குறைத்து ஏறத்தாழ 8 வாரத்தில் நிறுத்துவார்கள். ஆனால் அது பிரஷரையும் சீனியையும் ஏற்றும், கட்டியின் வாய்ப்பையும் கூட்டும். வருடத்தில் இரண்டு தரம் அந்தச் சுற்றுக்குப் போக வேண்டியிருந்தாலோ, குறைக்கும்போதெல்லாம் வருத்தம் திரும்பினாலோ, அடிப்படை மருந்து போதவில்லை என்று பொருள். அடுத்த கிளினிக்கில் வேறு மருந்து பற்றி நீங்களே கேளுங்கள். திடீரென்று நீங்களாக நிறுத்துவது மட்டும் கூடாது. பல வாரம் எடுத்தவரின் உடல் தன் சொந்தச் சுரப்பைக் குறைத்திருக்கும், சட்டென நிறுத்தினால் மயங்கி விழலாம்.

வருத்தம் கிளம்பினால்: முதலில் நீர்

சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரை திருகோணமலையில் வெயிலும் கச்சான் காற்றும் சேர்ந்து உடலை வற்ற வைக்கும். வியர்த்தது தெரியாமலே காற்று உலர்த்திவிடும். அந்தக் காலத்தில் நாளுக்கு ஏழெட்டுத் தரம் வயிற்றாலும் போகிறவர், தாகம் எடுத்த பிறகு குடிக்கலாம் என்று இருந்தால் பிந்திவிடுவார்.

சாதாரணமாகக் குடிப்பதற்கு மேலதிகமாக, தண்ணீராகப் போகும் ஒவ்வொரு தரத்துக்கும் ஒரு தம்ளர், சுமார் 200 மி.லீ., ஜீவனி (பொதியில் வரும் உப்புச்சீனிக் கரைசல்) குடியுங்கள். பொதியில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பொதியையும் ஒரே தடவையில் கரைக்க வேண்டும். ஒரு லீற்றருக்கான பொதியை அரைப் போத்தலில் கரைத்தால் உப்புக் கூடி வயிற்றோட்டம் மோசமாகும்; பாதிப் பொதியைப் பிரித்து வைத்தால் உப்பும் சீனியும் சரிசமமாகப் பிரியாது. கொதித்தாறிய தண்ணீரில் கரைத்து 24 மணித்தியாலத்துக்குள் முடியுங்கள், மிச்சத்தை ஊற்றிவிடுங்கள். பொதி கையில் இல்லாத இரவில், ஒரு லீற்றர் கொதித்தாறிய நீருக்கு மட்டமாக வெட்டிய 6 தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பைக் குவித்துப் போடாதீர்கள்.

இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. வயிற்றோட்டத்தில் இழப்பது பெருமளவு சோடியம் என்பதால் இளநீர் ஜீவனிக்கு ஈடாகாது. சிறுகுடலை வயிற்றில் திறந்து பை ஒட்டிவிட்ட சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பையில் போக்கு நாளுக்கு ஒன்றரை லீற்றரைத் தாண்டும்போது வெறும் தண்ணீரை மேலும் மேலும் குடித்தால் உப்பு இன்னும் கழுவுண்டு போகும், களைப்புத் தீராது. வெறும் தண்ணீரைக் குறைத்து, உப்புச்சீனிக் கரைசலைக் கூட்டி, அன்றே வைத்தியரிடம் காட்ட வேண்டும். இருதயம் அல்லது சிறுநீரகம் பழுதானவர்களும் வைத்தியர் சொன்ன அளவைத்தான் பின்பற்ற வேண்டும்.

சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதிய நீர் இருக்கிறது. கடுந்தேத்தண்ணி நிறமென்றால் போதவில்லை. சல்பசலசீன் எடுப்பவர்களுக்குச் சிறுநீர் செம்மஞ்சளாகத்தான் இருக்கும், ஆகவே அவர்கள் நிறத்தை விட்டு அளவைப் பாருங்கள்: ஆறு மணித்தியாலத்தில் ஒரு தரமாவது போக வேண்டும். ரமழான் மாதத்தில் நோன்பு பிடிக்க விரும்பும் கிண்ணியா, மூதூர் அன்பர்கள் மாதம் தொடங்குவதற்கு முன்னரே கிளினிக்கில் பேசுங்கள். வருத்தம் கிளம்பியிருக்கும் உடலோடு பகல் முழுக்க நீரில்லாமல் இருப்பது இரத்தத்தைத் தடிக்க வைக்கும். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு கால்கள்

வருத்தக்காரர் என்றால் எழும்பவே விடாமல் படுக்க வைப்பது நம் வீடுகளின் அன்பு. அந்த அன்பில் ஒரு கேடு இருக்கிறது. கெண்டைக்காற் தசை சுருங்கும்போதுதான் காலின் இரத்தம் மேலே தள்ளப்படுகிறது. தசை அசையாவிட்டால் அது தேங்கும். விழித்திருக்கும் நேரத்தில் மணித்தியாலத்துக்கு ஒருமுறை கட்டிலிலிருந்தே பாதத்தை மேலும் கீழும் 20, 30 தரம் அசையுங்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை எழுந்து முற்றம் வரை நடந்து வாருங்கள். ஆள் தாங்கலாகப் பிடித்துக்கொண்டு நடந்தாலும் சரி. கழிப்பறைக்குப் போய் வருவதையே நடையாகக் கணக்கில் எடுக்காதீர்கள். போகும்போது நடக்கிறீர்கள், அங்கே குந்தியிருந்து காலை மடக்கி இரத்தத்தைத் தேக்குகிறீர்கள்.

தினமும் காலையில், எழுந்து நடக்குமுன், இரண்டு கெண்டைக்கால்களையும் அளவு நாடாவால் அளந்து எழுதி வையுங்கள். முழங்காற் சில்லுக்குக் கீழே எலும்பில் ஒரு மேடு தட்டுப்படும். அதிலிருந்து 10 சென்ரிமீற்றர் கீழே பேனாவால் ஒரு சிறு கோடு போட்டு, எப்போதும் அந்தக் கோட்டிலேயே நாடாவைச் சுற்ற வேண்டும். இறுக்காமல், தோலில் தொட்டுக்கொண்டிருக்கும் அளவுக்குச் சுற்றுங்கள். ஒரு காலுக்கும் மற்றதற்கும் ஒரு சென்ரிமீற்றர் வரை வித்தியாசம் பலருக்கு இயல்பாகவே உண்டு; சுகமாக இருக்கும்போதே ஒருமுறை அளந்து வைத்தால் உங்கள் இயல்பு தெரிந்துவிடும். 3 சென்ரிமீற்றருக்கு மேல் வந்தால், அல்லது ஒரு கால் மட்டும் சூடாகி, சிவந்து, அழுத்த நொந்தால், அன்றே வைத்தியசாலை. அந்தக் காலை உருவிவிடவோ எண்ணெய் பூசி நீவவோ வேண்டாம். சுளுக்கு என்று நினைத்து நீவுவதில் கட்டி கழன்று நுரையீரலுக்குப் போகக்கூடும். இரண்டு காலும் சமமாக வீங்கியிருந்தால் காரணம் பெரும்பாலும் வேறு, புரதக் குறைவு அல்லது ஸ்டீரொயிட். அதையும் காட்டத்தான் வேண்டும்.

வார்ட்டில் போடும் ஊசி

வருத்தம் கடுமையாகி வைத்தியசாலையில் அனுமதித்தால், வயிற்றுத் தோலுக்குள் தினமும் ஒரு சிறிய ஊசி போடுவார்கள். எனொக்சபரின், வழமையாக 40 மி.கி.; நிறை குறைந்தவர்களுக்கும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் அளவு மாறும். இந்த இடத்தில்தான் பல குடும்பங்கள் தடுமாறுகின்றன. இரத்தம் போகிறவருக்கு இரத்தத்தை இளக்கும் ஊசியா என்று கேட்டு மறுத்துவிடுகிறார்கள். தடுப்புக்காகக் கொடுக்கும் இந்தச் சிறிய அளவு குடலின் இரத்தப்போக்கைக் குறிப்பிடத்தக்க அளவில் கூட்டுவதில்லை. மலத்தில் இரத்தம் காண்பது இந்த ஊசியை நிறுத்த ஒரு காரணமல்ல என்றே குடல் நோய் நிபுணர்களின் வழிகாட்டல்கள் சொல்கின்றன. பிரஷர் விழும் அளவுக்கு, இரத்தம் ஏற்ற வேண்டிய அளவுக்குப் போனால் மட்டும் வைத்தியர்கள் நிறுத்திவைப்பார்கள். மறுக்காதீர்கள். ஊசி எழுதப்படவில்லை என்றால் காலைச் சுற்றுக்கு வரும் வைத்தியரிடம் மரியாதையாகக் கேளுங்கள்: "டொக்டர், இரத்தக் கட்டி வராமல் இருக்கிற ஊசி இவருக்குத் தேவைப்படுமா?" கால் முறிவுக்கோ பிரசவத்துக்கோ வேறு வார்ட்டில் அனுமதிக்கப்பட்டாலும் குடல் வருத்தம் இருப்பதைச் சொல்லி இதே கேள்வியைக் கேட்க வேண்டும். பிரசவத்துக்குப் பின் 6 வாரம் எந்தப் பெண்ணுக்குமே கட்டியின் வாய்ப்பு அதிகம், இந்த நோயோடு அது இன்னும் கூடும்.

வீட்டில் தொடரச் சொல்லி ஊசியைக் கையில் தந்தால் போடும் முறை இது. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். சாய்ந்து உட்கார்ந்து, தொப்புளிலிருந்து குறைந்தது 5 சென்ரிமீற்றர் தள்ளி, இன்றைக்கு இடப்பக்கம் என்றால் நாளைக்கு வலப்பக்கம். தழும்பு, பை ஒட்டிய இடம், கண்டிய இடம் தவிருங்கள். ஊசிக்குள் தெரியும் காற்றுக்குமிழை வெளியே தள்ளாதீர்கள். தள்ளினால் மருந்தும் சேர்ந்து போய்விடும், குமிழ் தோலுக்குள் போவதால் தீங்கில்லை. தோலை இரு விரலால் மடித்துப் பிடித்து, ஊசியை நேர்செங்குத்தாக முழுவதும் செலுத்தி, மருந்தை மெதுவாகத் தள்ளுங்கள். மடிப்பை ஊசி வெளியே வந்த பிறகுதான் விட வேண்டும். இடத்தைத் தேய்க்காதீர்கள். தேய்த்தால் பெரிதாகக் கண்டிப்போகும், அதைப் பார்த்து வீட்டார் மறுநாள் ஊசியை நிறுத்தச் சொல்வார்கள். ஊசிகளை யன்னலோரத்திலும் மோட்டார் சைக்கிள் பெட்டியிலும் வைக்காமல் வீட்டின் குளிர்ந்த அலுமாரியில் வையுங்கள், உறையவைக்கக் கூடாது. பாவித்த ஊசியை மூடியுள்ள தடித்த பிளாஸ்டிக் போத்தலில் போட்டுச் சேர்த்து வைத்தியசாலையில் கொடுங்கள்.

எப்போது 1990

திடீர் மூச்சுத்திணறல், மூச்சை உள்ளே இழுக்கும்போது குத்தும் நெஞ்சுவலி, இருமலில் இரத்தம், காரணமில்லாத மயக்கம். கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம். முகம் ஒருபக்கம் கோணினால், ஒரு கை சோர்ந்தால், பேச்சுக் குழறினால் பாரிசவாதம். நெஞ்சை அழுத்தும் வலி இடக்கைக்கோ தாடைக்கோ ஓடி, குளிர் வியர்வை வந்தால் மாரடைப்பு. 30 வயதுதானே என்று ஒதுக்கக்கூடாது. 1990 சுவசெரிய அம்புலன்சை உடனே அழையுங்கள், அது இலவசம். வெருகலிலோ புல்மோட்டையிலோ இருப்பவர்கள் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அருகிலுள்ள வைத்தியசாலையில் முதற்சிகிச்சை தொடங்கி, அங்கிருந்து மாவட்ட பொது வைத்தியசாலைக்கு மாற்றுவது காத்திருப்பதைவிட எப்போதும் மேல்.

இன்னும் இரண்டு அடையாளங்கள் எளிதில் தவறிப்போகின்றன. வருத்தம் கிளம்பிய நாட்களில் வழமைக்கு மாறான தலைவலி வந்து, நாளுக்கு நாள் கூடி, சத்தியோ, பார்வை மங்கலோ, வலிப்போ சேர்ந்தால் மூளையின் நாளத்தில் கட்டியாக இருக்கலாம். வயிற்றுவலி உங்களுக்குப் பழக்கமானதுதான். ஆனால் இதுவரை அறியாத விதத்தில் விடாமல் கடுமையாக வலித்தால் குடலிலிருந்து ஈரலுக்குப் போகும் நாளம் அடைபட்டிருக்கலாம். "இது என் வழமையான வலி மாதிரி இல்லை" என்ற வசனத்தை அப்படியே வைத்தியரிடம் சொல்லுங்கள்.

சோதனை பற்றி ஒரு குறிப்பு. டி-டைமர் என்ற இரத்தப் பரிசோதனை அழற்சியிலேயே ஏறிவிடும். ஆகவே உங்களில் அது கூடியிருப்பது மட்டும் கட்டிக்குச் சான்றாகாது. காலுக்கு டொப்ளர் ஸ்கான், நுரையீரலுக்கு சி.ரி. ஸ்கான் செய்துதான் உறுதிப்படுத்துவார்கள்.

அடங்கியிருக்கும் மாதங்களில்

நாடிகளுக்கான வேலை இந்த மாதங்களில் நடக்கிறது. பிரஷரை வீட்டில் பார்ப்பதென்றால் மேற்கையில் கட்டும் கருவி வாங்குங்கள், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். பட்டி கைக்குச் சிறிதானால் அளவு பொய்யாக உயர்ந்து காட்டும். தேத்தண்ணி, சிகரட், நடை எதுவும் முடிந்து அரை மணித்தியாலம் கழித்து, சிறுநீர் கழித்துவிட்டு, கதிரையில் முதுகு சாய்த்து, பாதம் நிலத்தில் பதிய 5 நிமிடம் பேசாமல் இருங்கள். கை இருதய மட்டத்தில் மேசைமேல் இருக்க வேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தரம், காலையும் மாலையும், 7 நாள் எழுதுங்கள். முதல் நாளை விட்டு மீதியின் சராசரி 135/85ஐத் தாண்டினால் காட்டுங்கள். பிரெட்னிசொலோன் அல்லது சைக்ளோஸ்போரின் எடுக்கும் காலத்தில் ஒவ்வொரு வாரமும் பாருங்கள்.

சீனியைப் பொறுத்தவரை பலரும் தவறவிடும் இடம் ஒன்றுண்டு. காலையில் எடுக்கும் பிரெட்னிசொலோன் பிற்பகலில்தான் சீனியை ஏற்றும். வெறும் வயிற்றுப் பரிசோதனை ஒழுங்காக வந்துவிடும், ஆள் மதியத்துக்குப் பின் தாகமும் களைப்புமாக இருப்பார். அந்த மாத்திரை எடுக்கும் வாரங்களில் மதியச் சாப்பாட்டுக்கு 2 மணித்தியாலத்துக்குப் பின் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

கொலஸ்ட்ரோலில் ஏமாற்றம் எதிர்த்திசையில் இருக்கும். அழற்சி கிளம்பியிருக்கும்போது எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ரோலின் அளவு தாழ்ந்து காட்டும். வார்ட்டில் எடுத்த ரிப்போட்டைப் பார்த்து நல்லது என்று திருப்திப்பட்டுவிடாமல், சி.ஆர்.பி. (இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் அளவு) இறங்கி வருத்தம் அடங்கிய பின் ஒருமுறை எடுத்து அதை உங்கள் அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். குடல் அழற்சியை அறிய மலத்தில் பார்க்கும் கல்ப்ரொடெக்டின் பரிசோதனை எல்லா வைத்தியசாலையிலும் கிடைப்பதில்லை. கிடைத்தால், 250க்கு மேல் என்பது குடல் இன்னும் அழன்றிருப்பதைப் பெரும்பாலும் காட்டும், உடம்பு நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும்.

பி12, போலிக் அசிட் குறைந்தால் ஹோமோசிஸ்டீன் என்ற பதார்த்தம் இரத்தத்தில் கூடி நிற்கும். அந்த அதிகரிப்பு இரத்தக் கட்டியோடு தொடர்புபட்டது. பி12 உறிஞ்சப்படுவது சிறுகுடலின் கடைசிப் பகுதியில். குரோன்ஸ் நோய் பிடிக்கும் இடமும் பெரும்பாலும் அதுவே. அந்தப் பகுதியில் 20 சென்ரிமீற்றருக்கு மேல் வெட்டி எடுத்தவர்களுக்கு பி12 ஊசி அநேகமாக வாழ்நாள் முழுக்கத் தேவை. சல்பசலசீனும் மெத்தோட்ரெக்சேட்டும் போலிக் அசிட்டைக் குறைக்கும். கூடவே எழுதப்படும் அந்த மஞ்சள் குளிசையை விட்டுவிடாதீர்கள். இரும்புக் குறைவும் பிளேட்லெட்டை ஏற்றிவிடும். ஆண்களில் ஹீமோகுளோபின் 13க்கும் பெண்களில் 12க்கும் கீழே போனால் உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டின் பார்க்கக் கேளுங்கள். இரும்புக் குளிசை வயிற்றைக் கலக்கினால் நாளத்தில் ஏற்றும் வழி இருக்கிறது.

சிகரட், பீடி, புகையிலை வைத்த வெற்றிலை மூன்றும் போக வேண்டும். குரோன்ஸ் நோயைப் புகை நேரடியாகவே மோசமாக்குகிறது. கொலைட்டிசுக்குச் சிகரட் நல்லதாம் என்ற பேச்சு ஒன்று உலாவுகிறது. நிறுத்திய சில மாதங்களில் கொலைட்டிஸ் கிளம்பலாம் என்பது உண்மை. அதற்கு மருந்தைச் சரிசெய்யலாம், அடைபட்ட நாடியைச் சரிசெய்வது அவ்வளவு எளிதல்ல. மூட்டுநோவுக்குப் பார்மசியில் வாங்கும் டிக்லோபெனக், ஐபுபுரோபன் குடலையும் கிளப்பும், பிரஷரையும் ஏற்றும். பரசிட்டமோல் போதும்: ஒரு தரத்தில் 500 மி.கி. இரண்டு, நாளுக்கு 8க்கு மேல் கூடாது, மெலிந்தவர்களுக்கும் ஈரல் பழுதானவர்களுக்கும் அதைவிடக் குறைவு. இருதயத்துக்கென்று வைத்தியர் எழுதிய சிறு அளவு அஸ்பிரினை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

சாப்பாட்டில் நமக்கு வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. சூடை, சாளை, கீரி போன்ற மலிவான சிறுமீன்களில் நாடிக்கு நல்ல கொழுப்பு உண்டு. பொரிக்காமல் குழம்பாகவோ அவித்தோ வாரத்தில் இரண்டு, மூன்று நாள் சாப்பிடலாம். அதே மீன் கருவாடானால் உப்புப் பெட்டி. நாளுக்கு மொத்தம் 5 கிராம் உப்பு, அதாவது மட்டமான ஒரு தேக்கரண்டிக்குள் என்றால், கருவாட்டுத் துண்டு ஒன்றும் சம்பலும் சேர்ந்தே அதில் பெரும்பங்கைத் தின்றுவிடும். (வயிற்றோட்டம் அதிகமான நாட்களுக்கு இந்தக் கட்டுப்பாடு பொருந்தாது.) குடலில் ஒடுக்கம் உள்ளவர்கள் கீரைத் தண்டு, பலாச்சுளை, தோலோடு கடலை ஆகியவற்றைத் தவிர்த்து, கீரையை மசித்துச் சாப்பிடுங்கள். நடை: வாரத்துக்கு 150 நிமிடம், வெயில் ஏறுமுன் அல்லது மாலை ஐந்துக்குப் பின் கடற்கரைப் பக்கம். மணலில் நடந்து களைப்பவர்கள் வீதியோரம் நடக்கலாம்.

கொழும்புக்குப் பயணம்

கொழும்பு ஏறத்தாழ 260 கிலோமீற்றர், பஸ்ஸில் ஆறேழு மணித்தியாலம். வழியில் கழிப்பறை இல்லையே என்ற பயத்தில் முதல்நாள் இரவிலிருந்து தண்ணீரையும் சாப்பாட்டையும் நிறுத்துகிறவர்கள் அதிகம். நீர் வற்றிய உடலோடு காலை மடக்கி ஆறு மணித்தியாலம் இருப்பது கட்டிக்கு வழிவிடும் செயல். கழிப்பறை உள்ள புகையிரதத்தில் போனால் இந்தச் சிக்கலே பாதி தீரும். எழுந்து நடக்கவும் இடமுண்டு. பஸ்தான் என்றால் நடைபாதைப் பக்க இருக்கை, மணித்தியாலத்துக்கு 200 மி.லீ. அளவில் சிறுகச் சிறுக நீர், அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை பாத அசைவு, பஸ் நிற்கும் இடமெல்லாம் இறங்கி நடை. வருத்தம் அடங்கியிருப்பவர் புறப்படுமுன் வயிற்றோட்டத்தைக் கட்டும் லோபரமைட் 2 மி.கி. எடுக்கலாமா என்று வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்டு வைக்கலாம். கொலைட்டிஸ் கடுமையாகக் கிளம்பியிருக்கும்போது அதைத் தொடவே கூடாது, பெருங்குடல் ஊதிப் பெருத்து உயிராபத்தாகலாம். முன்பு கட்டி வந்தவர்கள் முழங்காலுக்குக் கீழான அழுத்தக் காலுறை பற்றியும் கேளுங்கள்.

கட்டி வந்து மருந்தில் இருப்பவர்களுக்கு

இரத்தம் உறையாமல் வைக்கும் மருந்து குறைந்தது 3 மாதம் தொடரும். குடல் அடங்காவிட்டால் இன்னும் நீளும். வார்பரின் என்றால் ஐ.என்.ஆர். (இரத்தம் உறைவது எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் அளவு) பொதுவாக 2க்கும் 3க்கும் இடையில் இருக்க வேண்டும். குடலுக்காகக் கொடுக்கும் மெட்ரோனிடசோலும் சிப்ரோபுளொக்சசினும் அதைச் சடுதியாக ஏற்றிவிடும். அவற்றைத் தொடங்கினால் சில நாட்களுக்குள்ளேயே ஐ.என்.ஆர். பார்க்க வேண்டும். அசத்தியோபிரின் அதை இறக்கும், ஆகவே அதைத் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் பாருங்கள். பொன்னாங்காணியும் வல்லாரையும் சாப்பிடலாம், ஆனால் ஒரு கிழமை தினமும் சாப்பிட்டு அடுத்த கிழமை அறவே விடாமல் ஏறக்குறைய ஒரே அளவில் சாப்பிடுங்கள். மஞ்சள், உள்ளி ஆகியவற்றைக் கறியில் போடுவதில் பிரச்சினையில்லை. மருந்தாக மாத்திரை வடிவில் எடுக்காதீர்கள். ரிவரொக்சபான் 15 அல்லது 20 மி.கி. என்றால் சாப்பாட்டோடுதான் விழுங்க வேண்டும், வெறும் வயிற்றில் உறிஞ்சப்படுவது குறையும். சிறுகுடலில் நீளமாக வெட்டியவர்கள் அதை வைத்தியருக்கு நினைவூட்டுங்கள்.

மாரிக்குப் பின் டெங்கு வரும். 2017இல் கிண்ணியா பட்ட பாட்டை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். டெங்கு பிளேட்லெட்டைக் கீழே இறக்கும். அதே நேரம் இரத்தம் உறையாமல் வைக்கும் மருந்தும் உடலில் இருந்தால் இரத்தப்போக்கு ஆபத்தாகும். ஆகவே வார்பரின், ரிவரொக்சபான், எனொக்சபரின், அஸ்பிரின் எதில் இருப்பவரானாலும், காய்ச்சல் வந்த முதல் நாளே கிளினிக் கொப்பியோடு வைத்தியசாலைக்குப் போய் இரத்தம் சோதிக்க வேண்டும். மருந்தை நிறுத்துவதா தொடர்வதா என்பதை பிளேட்லெட் எண்ணிக்கையைப் பார்த்து அங்கே முடிவெடுப்பார்கள். அதுவரை காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டும்.